ஆர்ட்வார்க்: சிங்கங்களுக்கு நடுவே குழி தோண்டி வாழும் பிராணி

ஆங்கில அகராதியைத் திறந்தால் முதற் பக்கங்களிலேயே ஒரு மிருகத்தின் பெயர் வரும். அதுதான் ஆர்ட்வார்க். பெயரைப் பார்த்தவர்கள் பலர். மிருகத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அது வாழும் ஆபிரிக்க நாடுகளிலேயே, பக்கத்தில் குழிகளைக் கண்டும் அதை ஒரு தடவைகூட நேரில் காணாதவர்கள் ஏராளம். காணப்படாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் வனவிலங்கு ஆவணப்படங்கள் பலவற்றைப் பார்த்தேன். அவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கமரா பெரும்பாலும் வேட்டையாடும் விலங்கின் பக்கத்தில்தான் நிற்கும். சிங்கம் பதுங்குவது, பாய்வது, பிடிப்பது எல்லாம் நிதானமாகக் காட்டப்படும். துரத்தப்படும் மிருகம் சில விநாடிகள் ஓடும், பிறகு விழும். அந்த மிருகம் அன்றைக்கு முன்பு எத்தனை இரவுகள் தப்பியது, எப்படித் தப்பியது என்பதற்கு அங்கே இடமில்லை. துரத்தப்படும் பக்கத்தில் நின்று பார்த்தால் கதை வேறு விதமாக இருக்கும். அப்படிப் பார்ப்பதற்கு ஆர்ட்வார்க்கை விடப் பொருத்தமான மிருகம் இல்லை என்பது என் எண்ணம்.

பன்றியும் அல்ல, எறும்புண்ணியும் அல்ல

ஆர்ட்வார்க் என்பது தென்னாபிரிக்காவின் ஆபிரிகான்ஸ் மொழிச் சொல். நிலப்பன்றி என்று பொருள். நீண்ட மூஞ்சியையும் தடித்த உடலையும் பார்த்து டச்சுக் குடியேறிகளின் வழிவந்தோர் வைத்த பெயர் அது. ஆனால் இது பன்றி இனம் அல்ல. எறும்பையும் கறையானையும் தின்பதால் எறும்புண்ணி என்று நினைப்போரும் உண்டு. தென் அமெரிக்காவின் எறும்புண்ணிக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. எங்கள் காடுகளில் உள்ள அழுங்குக்கும் இதற்கும் உறவில்லை. ஒரே உணவைத் தேடியதால் ஒரே மாதிரியான நாக்கும் நகமும் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியே உருவாகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆர்ட்வார்க்கின் தூரத்து உறவினர்களைத் தேடினால் யானையிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதன் விஞ்ஞானப் பெயர் ஒரிக்டெரோபஸ் ஆஃபெர். டியூபுலிடென்டாட்டா என்ற வரிசையில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே இனம் இதுதான். நுண்ணிய குழாய்களை அடுக்கிக் கட்டியது போன்ற, மிளிரி இல்லாத பற்களைக் கொண்டிருப்பதால் அந்த வரிசைக்கு அப்படிப் பெயர். வளர்ந்த ஆர்ட்வார்க் ஏறத்தாழ 40 முதல் 65 கிலோகிராம் வரை எடை இருக்கும். அதாவது ஒரு வளர்ந்த மனிதரின் எடைக்குக் கிட்ட. வாலோடு சேர்த்து இரண்டு மீற்றர் வரை நீளம். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, கறையான் இருக்கும் இடமெல்லாம் இது பரந்து வாழ்கிறது.

இவ்வளவு இறைச்சியைச் சுமந்துகொண்டு, கொம்போ கோரைப்பல்லோ இல்லாமல், சிங்கம் உலாவும் வெளியில் ஒவ்வொரு இரவும் தனியாக உணவு தேடிப் போகும் மிருகம் எப்படிப் பிழைக்கிறது?

யார் இதன் எதிரிகள்

சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி, கூட்டமாக வேட்டையாடும் ஆபிரிக்கக் காட்டுநாய் ஆகியவை முக்கிய எதிரிகள். மலைப்பாம்பும் பட்டியலில் உண்டு, குறிப்பாகக் குட்டிகளுக்கு. மனிதரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த எதிரிகளில் பெரும்பாலானவை இரவிலும் நன்றாகப் பார்க்கக்கூடியவை. ஆர்ட்வார்க்கின் கண்களோ பலவீனமானவை, நிறங்களைப் பிரித்தறியாதவை. அதனால் பார்வையை நம்பி அது வெளியே வருவதில்லை. அது நம்புவது காதையும் மூக்கையும்தான். காதுகள் 20 சென்ரிமீற்றருக்கும் அதிக நீளமானவை. முயலின் காதுகளைப் போல நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். மூக்கின் மோப்பத் திறனும் மிகக் கூர்மையானது.

வெளியே வருமுன் காத்திருப்பு

ஆர்ட்வார்க்கின் பாதுகாப்பு ஓட்டத்தில் தொடங்குவதில்லை, காத்திருப்பில் தொடங்குகிறது. பகலெல்லாம் குழிக்குள் சுருண்டு தூங்கும் அது, இருட்டிய பிறகு வாசலுக்கு வரும். வந்ததும் வெளியே போகாது. வாசலில் அசையாமல் நின்று மோப்பம் பிடிக்கும், காது கொடுக்கும். இது பத்து நிமிடம் வரைகூட நீடிக்கும். ஆபத்து இல்லை என்று தோன்றினால் திடீரென்று வெளியே பாயும். சில அடி ஓடி நிற்கும். பின்னங்கால்களில் எழுந்து காதுகளை நிமிர்த்திக் கேட்கும். மறுபடி துள்ளும், மறுபடி நிற்கும். அதன் பிறகுதான் அன்றைய இரைதேடல் ஆரம்பமாகும்.

வாசலில் நிற்கும் நேரமே மிக ஆபத்தான நேரம் என்பது இதற்குக் காரணம். சிங்கமோ சிறுத்தையோ குழியைக் கண்டுபிடித்துவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. வாசலருகே படுத்துக் காத்திருந்தாலே போதும். அதனால்தான் வெளியே வருவதை ஆர்ட்வார்க் இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதலில் நீண்ட நேரம் கேட்பது. பிறகு, பதுங்கியிருப்பவர் எதிர்பாராத வேகத்தில் வாசலைக் கடப்பது.

இரைதேடலின் போதும் அது நேர்கோட்டில் நடப்பதில்லை. மூக்கைத் தரையோடு வைத்து வளைந்து வளைந்து போகும். ஓர் இரவில் சாதாரணமாக 2 முதல் 5 கிலோமீற்றர் வரை நடக்கும், தேவைப்பட்டால் அதைவிடப் பல மடங்கும் போகும். 30 சென்ரிமீற்றர் வரை நீளக்கூடிய ஒட்டும் நாக்கினால் ஓர் இரவில் 50,000 பூச்சிகள் வரை தின்னும் என்று கணிக்கப்படுகிறது. ஆனால் ஒரு புற்றில் நீண்ட நேரம் தங்குவதில்லை. கொஞ்சம் தோண்டும், கொஞ்சம் தின்னும், இடையில் நிறுத்திக் காது கொடுக்கும், அடுத்த புற்றுக்கு நகரும். புற்று முற்றாக அழியாததால் வேறொரு நாள் அதே இடத்துக்கு வந்து தின்னலாம். ஒரே இடத்தில் அதிக நேரம் நின்று எதிரியின் கண்ணில் படுவதும் தவிர்க்கப்படுகிறது.

மண்வெட்டி போன்ற கால்கள்

ஆபத்து நெருங்கினால் பக்கத்தில் உள்ள குழியை நோக்கி வளைந்து வளைந்து ஓடுவதே அதன் முதல் முயற்சி. குழி தூரமென்றால் நின்ற இடத்திலேயே தோண்டத் தொடங்கும். இங்குதான் அதன் உடலமைப்பின் முழுப் பயனையும் காணலாம்.

முன்னங்கால்களில் நான்கு விரல்கள், பின்னங்கால்களில் ஐந்து. ஒவ்வொன்றிலும் மண்வெட்டி போலத் தட்டையான, உறுதியான நகம். முன்னங்கால்கள் மண்ணைக் கிளறும். பின்னங்கால்களும் தடித்த வாலும் அதைப் பின்னே தள்ளும். தோண்டும்போது காதுகள் பின்னோக்கி மடிந்துகொள்ளும். மூக்குத் துவாரங்கள் மூடிக்கொள்ளும், அவற்றைச் சுற்றியுள்ள அடர்ந்த மயிர் தூசியைத் தடுக்கும். அலவாங்கு போட்டாலும் இலகுவில் உடையாத கறையான் புற்றை அது நகத்தால் பிளந்துவிடும். மண் வாய்ப்பாக இருந்தால் சுமார் 15 விநாடிகளில் இரண்டடி ஆழம் வரை தோண்டும் என்று பதிவுகள் சொல்கின்றன. சில நிமிடங்களில் முழு உடலும் மண்ணுக்குள் போய்விடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கால்களும் நகங்களும் தப்புவதற்கென்று மட்டும் அமைந்தவை அல்ல. உணவு தேடும் கருவிதான் உயிர் காக்கும் கருவியாகவும் பயன்படுகிறது. அன்றாடம் செய்யும் வேலைதான் அவசரத்தில் கைகொடுக்கிறது.

ஒரு குழியல்ல, பல குழிகள்

ஆர்ட்வார்க் தோண்டும் குழிகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, இரைக்காகக் கிளறும் சிறு பள்ளங்கள். இரண்டாவது, நடமாடும் பரப்பெங்கும் சிதறிக் கிடக்கும் தற்காலிகக் குழிகள். இரவில் ஆபத்து வந்தால் ஓடி ஒளிவதற்கு, அல்லது ஒரு பகல் தூங்குவதற்கு இவை. மூன்றாவது, குட்டி ஈனுவதற்கும் நீண்ட நாள் தங்குவதற்குமான பெரிய வளை. இது 13 மீற்றர் வரை நீளலாம். பல வாசல்களும் கிளைகளும் இருக்கலாம். உள்ளே, உடலைத் திருப்பிக்கொள்ளுமளவு அகன்ற ஓர் அறை இருக்கும். அதனால் வெளியே வரும்போது தலையை முன்னே நீட்டியபடியே வரலாம்.

உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு, மூச்சுக்கு மட்டும் ஒரு சிறு துவாரத்தை விடுவதும் அதன் வழக்கம். எதிரி பின்தொடர்ந்து தோண்ட ஆரம்பித்தால் ஆர்ட்வார்க் இன்னும் உள்ளே தோண்டிக்கொண்டு போகும். தோண்டுவதில் அதனோடு போட்டி போடக்கூடிய வேட்டை விலங்கு அங்கே இல்லை.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை அதிகம் விளக்கத் தேவையில்லை. வீட்டு வளவில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சந்தைக்குப் போகும் வழியில் ஒன்று என்று பதுங்குகுழிகளின் இடத்தை நாங்கள் மனதுக்குள் ஒரு வரைபடம் போல வைத்திருந்தோம். எல் வடிவில் ஏன் வெட்ட வேண்டும், பனங்குற்றியை எப்படி அடுக்க வேண்டும், சேலையைத் தைத்து மண்மூட்டை செய்வது எப்படி என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. மிருகத்தையும் மனிதரையும் ஒப்பிடுவது என் நோக்கம் அல்ல. ஆர்ட்வார்க் அதன் இயல்பில் தோண்டுகிறது. எங்களுக்கு அது இயல்பு அல்ல, எங்கள் மேல் சுமத்தப்பட்டது. ஆனால் தற்காலிகக் குழிகளை ஏன் அது வழியெங்கும் வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு எங்கள் வாசகர்களிடம் விடை ஏற்கெனவே இருக்கிறது.

வழியில்லாதபோது சண்டை

தப்ப வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டால் ஆர்ட்வார்க் சண்டையிடும். பின்னங்கால்களில் குந்தி நின்று முன்னங்கால் நகங்களால் அடிக்கும். வாலைச் சுழற்றி வீசும். அதுவும் போதாவிட்டால் மல்லாந்து படுத்து நான்கு கால்களாலும் கிழிக்கும். கறையானின் கடியைத் தாங்கும் தடித்த தோல் அதற்குச் சிறிதளவு பாதுகாப்பைத் தரும். ஆனால் ஒரு சிங்கக் கூட்டத்துக்கு முன்னால் இவை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கா. சண்டை அதற்குக் கடைசி வழி மட்டுமே. அதன் வாழ்க்கை முழுவதும் அந்தக் கட்டம் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் தங்கியிருக்கிறது.

குட்டிகளின் நிலை இன்னும் கடினம். ஏறத்தாழ ஏழு மாதக் கர்ப்பத்தின் பின் பொதுவாக ஒரே ஒரு குட்டி பிறக்கும். எடை இரண்டு கிலோகிராம் அளவில் இருக்கும். மயிரில்லாத, சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல். இரண்டு வாரங்கள் வரை குழியை விட்டு வெளியே வராது. பிறகு தாயைப் பின்தொடரத் தொடங்கும். தாய் அடிக்கடி குழி மாறும், குட்டியும் கூடவே மாறும். ஆறு மாதமளவில் குட்டி தானே குழி தோண்டப் பழகிவிடும். அதுவரை அதன் உயிர் தாயின் காதுகளில்தான்.

ஒருவர் தோண்ட, பலர் பிழைக்கிறார்கள்

ஆர்ட்வார்க் அடிக்கடி குழி மாறுவதால் கைவிடப்பட்ட குழிகள் நிலமெங்கும் எஞ்சுகின்றன. அவை வெறுமையாகக் கிடப்பதில்லை. முள்ளம்பன்றி, நரி, வௌவால், பல்லி, பாம்பு, தவளை என்று பல உயிரினங்கள் அவற்றுக்குள் குடியேறுகின்றன. நீலத் தகைவிலான் என்ற அருகிவரும் பறவை அவற்றின் கூரையில் கூடு கட்டுகிறது. வார்ட்ஹொக் எனப்படும் ஆபிரிக்கப் பன்றி, குழிக்குள் பின்பக்கமாக நுழைந்து, தந்தப் பற்கள் வாசலை நோக்கியிருக்குமாறு படுத்துக்கொள்ளும். கடும் வெயிலிலும் குளிரிலும் காட்டுத்தீயிலும் இந்தக் குழிகளே அடைக்கலம். கழுதைப்புலியும் காட்டுநாயும்கூடத் தங்கள் குட்டிகளை ஆர்ட்வார்க்கின் பழைய குழிகளில்தான் வளர்க்கின்றன. அதாவது, தன்னை வேட்டையாடுவோரின் பிள்ளைகளுக்கும் அதுவே வீடு கட்டிக் கொடுக்கிறது.

ஒரு செடியும் இதை நம்பி வாழ்கிறது. மண்ணுக்கு அடியில் காய்க்கும் ஒரு வகை வெள்ளரி அது. நீர்ச்சத்துக்காக ஆர்ட்வார்க் அதைத் தோண்டித் தின்று, விதைகளை எச்சத்தோடு வேறிடத்தில் புதைக்கிறது.

தோண்டித் தப்ப முடியாத எதிரிகள்

சிங்கத்திடமிருந்து தப்பத் தெரிந்த இந்த மிருகத்துக்கு இரண்டு எதிரிகளை வெல்லும் வழி தெரியவில்லை.

முதலாவது மனிதர். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் இது வேட்டையாடப்படுகிறது. பல்லையும் நகத்தையும் தாயத்தாகப் பயன்படுத்துவோரும் உண்டு. வேலிகளையும் அணைக்கட்டுகளையும் குழி தோண்டிக் கெடுக்கிறது என்று பண்ணையாளர்கள் சிலர் கொல்கிறார்கள். கம்பிக் கண்ணி சத்தமோ வாசனையோ காட்டிக்கொண்டு வருவதில்லை. வாசலில் பத்து நிமிடம் காது கொடுத்தாலும் கண்ணி கேட்காது.

இரண்டாவது வரட்சி. தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலகாரிப் பகுதியில் ஆறு ஆர்ட்வார்க்குகளின் உடலில் வெப்பமானிக் கருவிகளைப் பொருத்திக் கண்காணித்தனர். 2012-2013 கோடையில் அங்கே கடும் வரட்சி வந்தது. புல் காய்ந்தது, எறும்பும் கறையானும் குறைந்தன. பட்டினி கிடந்த ஆர்ட்வார்க்குகளால் இரவுக் குளிரில் உடல் வெப்பத்தைக் காக்க முடியவில்லை. அவை இரவை விட்டுப் பகலில் வெளியே வரத் தொடங்கின. கண்காணிக்கப்பட்ட ஆறில் ஐந்து இறந்தன. இறப்பதற்கு முன் உடல் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவுக்கு வீழ்ந்திருந்தது. இந்த ஆய்வு 2017 இல் வெளியானது.

அந்த ஆய்வைப் படித்தபோது என்னை நிறுத்திவைத்தது அந்த ஒரு விடயம்தான்: பகலில் வெளியே வந்தன. தலைமுறை தலைமுறையாக இருட்டையும் குழியையும் நம்பித் தப்பிய மிருகத்தைப் பசி ஒன்றுதான் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தது. குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சாப்பாடு அதற்குள் இல்லை. 2009 இன் முதல் மாதங்களில் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நிற்பதற்காகப் பதுங்குகுழியை விட்டு எழுந்து போனவர்களை நினைக்காமல் என்னால் அந்தப் பந்தியைக் கடக்க முடியவில்லை. அவர்களில் பலர் ஆபத்தை அறியாமல் போனவர்கள் அல்ல.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆர்ட்வார்க் இன்னும் குறைந்த ஆபத்துள்ள இனமாகவே இருக்கிறது. பரந்த நிலப்பரப்பில் வாழ்வது அதற்குக் காரணம். ஆனால் வரண்ட பகுதிகள் இன்னும் வெப்பமாகும்போது, குழி தோண்டும் ஒருவரை நம்பியிருக்கும் மற்ற உயிர்களின் நிலையும் அதோடு சேர்ந்தே மாறும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

போர் முடிந்த ஒரு காட்டில்

மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்குள்ள கோரோங்கோசா தேசியப் பூங்கா போர்க்களமானது. பெரிய பாலூட்டிகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவை அழிந்தன. சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாமற் போயின. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே ஒரு விடயம் கவனிக்கப்பட்டது. அடர்ந்த புதருக்குள் மட்டும் வாழும் புஷ்பக் என்ற மான் போன்ற விலங்கு, வேட்டை விலங்குகள் இல்லாததால் திறந்த வெளிக்கு வந்து மேயத் தொடங்கியிருந்தது. ஆய்வாளர்கள் சிறுத்தையின் ஒலிப்பதிவு போன்ற அடையாளங்களை வைத்துப் பார்த்தபோது அவை மீண்டும் மறைவிடம் தேடின. இந்த முடிவுகள் 2019 இல் வெளியாகின. அபாயம் போனபின் ஒளியும் பழக்கம் தளரலாம், ஆனால் மறந்துபோவதில்லை. 2018 இல் காட்டுநாய்கள் அங்கே மீண்டும் விடப்பட்டன. இன்று அந்தப் பூங்காவின் தானியங்கிக் கமராக்களில் பதிவாகும் இரவு மிருகங்களில் ஆர்ட்வார்க்கும் ஒன்று.

மொசாம்பிக்கின் மண்ணில் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2015 வரை சென்றது. அங்கே பணியாற்றிய ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம்தான் எங்கள் முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றி வருகிறது. இதில் இன்னொரு தற்செயலும் உண்டு. சங்கிலிகளைச் சுழற்றி நிலத்தை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்கவைக்கும் ஒரு பிரித்தானிய வாகனத்துக்கு வைக்கப்பட்ட பெயர் ஆர்ட்வார்க்.

எங்கள் காட்டு அழுங்கு

ஆர்ட்வார்க் இலங்கையில் இல்லை. ஆனால் அதே தொழிலைச் செய்யும் அழுங்கு எங்கள் காடுகளில் உண்டு. அதுவும் இரவில் வரும், எறும்பும் கறையானும் தின்னும், வளை தோண்டும். எதிரி வந்தால் அது செய்வது மட்டும் வேறு. செதில்களை வெளியே வைத்துப் பந்து போலச் சுருண்டுவிடும். சிறுத்தையின் பல்லுக்கு அது பெரும்பாலும் அகப்படாது. மனிதரின் சாக்குப்பைக்கு மிக இலகுவில் அகப்படும். சுருண்டு கிடக்கும் அழுங்கைத் தூக்கிப் போட ஓர் ஆள் போதும். இறைச்சிக்கும் செதிலுக்குமாக உலகெங்கும் அது கடத்தப்படுகிறது. இலங்கையில் அதைக் கொல்வதும் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

மீள்குடியேறிய கிராமங்களில் காட்டோரம் வளவு துப்புரவாக்குவோர், இரவு வயலுக்குக் காவல் போவோர் இதை எதிர்கொள்ள வாய்ப்புண்டு. கண்டால் தொடாமல் விலகி நின்றாலே போதும். சிறிது நேரம் கழித்து அது தானாக விரிந்து, மூக்கை மட்டும் முதலில் நீட்டிப் பார்த்து, பிறகு நடந்து போய்விடும்.